அவள் பலசாலிதான், ஆனால் கதை யாருடையது?

1942-ஆம் ஆண்டு. உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க காமிக்ஸில் ஜஸ்டிஸ் சொசைட்டி என்று ஒரு சூப்பர்ஹீரோ கூட்டணி. அதற்குள் புதிதாக ஒரு பெண் வருகிறாள். பாய்ந்து வரும் துப்பாக்கிக் குண்டைக் கையில் போட்டிருக்கும் காப்பால் தட்டிவிடுகிறவள், அந்தக் கூட்டத்தில் இருக்கிற ஆண்கள் பலரைவிடப் பலசாலி. அவளுக்கு என்ன பொறுப்பு கொடுத்தார்கள் தெரியுமா? செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதுகிற வேலை. ஆண்கள் எல்லோரும் சண்டைக்குக் கிளம்ப, அவள் அலுவலகத்தில் இருந்தபடி நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று வழியனுப்புகிறாள்.

அவள்தான் வொண்டர் வுமன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் அவளுக்கென்று வந்த கதைகளைப் புரட்டினால் அங்கே அவள் யாருக்கும் குறிப்பு எழுதுவதில்லை. ராணுவ அதிகாரியான ஸ்டீவ் ட்ரெவர் போகிற இடத்திலெல்லாம் மாட்டிக்கொள்ள, அவரைத் திரும்பத் திரும்பக் காப்பாற்றுவதே அவள்தான். அதே உடை, அதே சக்தி, அதே பெண். எழுதுகிற கை மட்டும் வேறு. அவளுடைய சொந்தக் கதைகளை எழுதியவர் அவளை உருவாக்கிய வில்லியம் மோல்ட்டன் மார்ஸ்டன். கூட்டணிக் கதைகளை எழுதிவந்தவர் கார்ட்னர் ஃபாக்ஸ். ஒருவருக்கு அவள் கதாநாயகி, இன்னொருவருக்கு அறையில் ஒரு பெண்ணும் இருக்கட்டும் என்கிற ஏற்பாடு.

பெண் சூப்பர்ஹீரோக்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு நேராக உடைக்குப் போய்விடும், அப்புறம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். உடை முக்கியம்தான், அதற்கும் வருகிறேன். ஆனால் இந்த விஷயத்தை முதல்முறையாகப் படிக்கிறவர்களுக்கு நான் கொடுக்கும் சாவி வேறு: அவளுக்கு நடப்பதெல்லாம் அவளுடைய கதைக்காக நடக்கிறதா, இல்லை வேறொருவருடைய கதைக்காக நடக்கிறதா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு போனால் எண்பது வருடக் குழப்பத்தில் பாதி தெளிந்துவிடும்.

இரண்டு சொற்களையும் இங்கேயே பிரித்து வைத்துக்கொள்வோம். சித்தரிப்பு என்பது தாளில் இருப்பது. எப்படி வரைந்தார்கள், என்ன சக்தி கொடுத்தார்கள், என்ன பேச வைத்தார்கள், கடைசியில் அவள் என்ன ஆனாள் என்பதெல்லாம் அது. பார்வை என்பது தாளுக்கு வெளியே, படிக்கிறவர் மனதில் இருப்பது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போகும், ஆனால் ஒன்றல்ல.

மார்ஸ்டன் கொஞ்சம் விசித்திரமான மனிதர். தொழிலால் உளவியலாளர். பிற்காலத்தில் பொய் கண்டறியும் கருவிக்கு வழிகாட்டிய ரத்த அழுத்தச் சோதனையை உருவாக்கியவர். பெண் பாத்திரங்களிடம் பலம் இல்லாதவரை பெண்பிள்ளைகளே பெண்ணாக இருக்க ஆசைப்பட மாட்டார்கள் என்று எழுதியவர். 1941-இன் கடைசியில் வொண்டர் வுமன் வந்தது அந்த நம்பிக்கையிலிருந்துதான், வரைந்தவர் எச். ஜி. பீட்டர். மார்ஸ்டன், அவர் மனைவி எலிசபெத் ஆகியோருடன் ஒரே வீட்டில் வாழ்ந்த ஆலிவ் பைர்ன் என்ற பெண் எப்போதும் அணிந்திருந்த வளையல்கள்தான் அந்தக் குண்டு தடுக்கும் காப்பாக மாறின. சரி, இதுவரை எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய கதைகளைப் படித்தால் கட்டிப்போடும் காட்சிகள் சலிக்கச் சலிக்க வரும். கயிறு, சங்கிலி, விலங்கு. ஆண் ஒருவன் அவள் காப்புகளில் சங்கிலியைப் பிணைத்துவிட்டால் அவள் சக்தியே போய்விடும் என்று ஒரு விதி வேறு. அடக்குமுறையிலிருந்து விடுபடும் பெண்ணுக்கான உருவகம் என்று ஒரு தரப்பு சொல்லும், ஆசிரியரின் சொந்த ரசனை என்று இன்னொரு தரப்பு சொல்லும். இரண்டும்தான் என்பது என் எண்ணம். பெண்ணுரிமையில் உண்மையான பிடிப்பும், பெண்ணை விலங்கிட்டுப் பார்ப்பதில் ஓர் ஆசையும் ஒரே மனிதருக்குள் இருந்தன, இரண்டுமே தாளில் இறங்கிவிட்டன.

1947-இல் மார்ஸ்டன் இறந்தார். அதற்குப் பிறகு அந்த இதழில் நடந்த ஒரு சின்ன மாற்றத்தைப் பாருங்கள், எனக்கு மொத்த வரலாறே அதில் தெரிகிறது. ஆரம்ப இதழ்களில் வரலாற்றின் அதிசயப் பெண்கள் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு பகுதி இருந்தது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் தொடங்கி நிஜப் பெண்களின் வாழ்க்கை, சில பக்கச் சித்திரக்கதையாக. 1950களில் அது போய், அந்த இடத்துக்குக் கல்யாணச் சடங்குகள், திருமண வழக்கங்கள் பற்றிய துணுக்குகள் வந்தன. யாரும் எதையும் அறிவிக்கவில்லை. வாசகியாக மனதில் வைத்திருந்த சிறுமியிடம் இனி என்ன பேசலாம் என்பது மட்டும் மாறிவிட்டது.

அந்தப் பத்தாண்டே அப்படித்தான். 1956-இல் வந்த முதல் பேட்வுமனின் ஆயுதங்கள் கைப்பைக்குள் இருந்தன, முகப்பவுடரும் உதட்டுச்சாயமும் வளையலும்தான் அவள் போர்க்கருவிகள். 1959-இல் சூப்பர்கேர்ள் ராக்கெட்டில் வந்து இறங்குகிறாள், சூப்பர்மேனுக்கு இருக்கிற எல்லாச் சக்தியும் அவளுக்கும் உண்டு, அவர் அவளைக் கொண்டுபோய் ஓர் அநாதை இல்லத்தில் சேர்க்கிறார். நீ இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது, அவசரத்துக்கு உதவும் ரகசிய ஆயுதமாக இரு என்கிறார். உலகத்துக்கு அவளை அவர் அறிமுகப்படுத்தியது 1962-இல். மூன்று வருடம் அவள் காத்திருந்தாள்.

மறையத் தெரிந்தவள்

1961-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற மார்வெல் சூப்பர்ஹீரோ குழு வருகிறது. நால்வரில் ஒருவர் ரப்பர் மாதிரி நீள்வார், ஒருவர் தீப்பிழம்பாவார், ஒருவர் பாறை. நான்காமவள் சூ ஸ்டார்ம், அவளுக்குக் கொடுத்த சக்தி என்ன? கண்ணுக்குத் தெரியாமல் போவது. பெயரும் அதேதான், இன்விசிபிள் கேர்ள். திட்டமிட்டு யாரும் கேலி செய்யவில்லை என்றே நினைக்கிறேன், ஆனால் இவ்வளவு பொருத்தமாக அமைந்த தற்செயலும் அபூர்வம்.

அந்தக் கால மார்வெல் நாயகிகளை வரிசையாக நிற்க வைத்தால் ஒரு ஒற்றுமை தெரியும். வாஸ்ப் சின்னதாகச் சுருங்குவாள். மார்வெல் கேர்ள் தூரத்தில் நின்று மனதால் பொருளை நகர்த்துவாள், கொஞ்ச நேரத்தில் களைத்துப்போவாள். ஸ்கார்லெட் விட்ச் கையை நீட்டிச் சைகை செய்வாள், எதிராளிக்கு ஏதாவது விபரீதம் நடக்கும். யாரும் நேருக்கு நேர் குத்து விடுவதில்லை. ஆண்கள் மோதுவார்கள், பெண்கள் தள்ளி நின்று சைகை காட்டுவார்கள். தலைமுடி கலையாத சண்டை.

வாசகர்கள் இதைக் கவனிக்காமலும் இல்லை. 1963-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோரின் 11-ஆவது இதழில் ஒரு காட்சி. நால்வரும் தங்களுக்கு வந்த ரசிகர் கடிதங்களைப் படிக்கிறார்கள். சூவால் குழுவுக்கு ஒரு பயனும் இல்லை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள், சூ மனம் உடைந்துபோகிறாள். உடனே தலைவர் ரீட் அவளுக்காக வாதாட எழுகிறார். அவள் எத்தனை முறை நம்மைக் காப்பாற்றினாள் என்று பட்டியல் போடப்போகிறார் என்று எதிர்பார்ப்பீர்கள். அவரோ ஆபிரகாம் லிங்கனைக் காட்டி, லிங்கன் தன் வாழ்வில் மிக முக்கியமானவராகச் சொன்னது அவர் தாயைத்தானே என்கிறார். அதாவது, பெரிய மனிதருக்குப் பின்னால் ஒரு பெண். வெறும் ஆதரவாகச் சொன்ன வார்த்தை, ஆனால் அந்த ஒரே வாதத்தில் அவள் நால்வரில் ஒருத்தி என்கிற தகுதியிலிருந்து மூவருக்குத் துணை என்கிற இடத்துக்கு இறங்கிவிடுகிறாள். தன்னைப் பற்றிய விவாதத்தில் அவளுக்கு அழுவதற்குத்தான் இடம், வாதம் ரீட் செய்கிறார்.

அடுத்த வருடமே 22-ஆவது இதழில் அவளுக்குக் கண்ணுக்குத் தெரியாத தடுப்புச்சுவர் எழுப்பும் சக்தியும் சேர்ந்தது. இப்போது நால்வரில் அதிக சக்தி வாய்ந்தவள் அவள்தான் என்று சொல்லும் வாசகர்கள் நிறைய. ஆனால் அவள் பெயரில் இருந்த கேர்ள், வுமன் ஆனது 1985-இல்தான். அதற்குள் அவள் மனைவியாகி, தாயாகி, உலகத்தைப் பலமுறை காப்பாற்றியும் முடித்திருந்தாள்.

சரி, பெரிய சக்தி கொடுத்தால் எல்லாம் தீர்ந்ததா? அதுதான் இல்லை. களைத்துப்போகும் அதே மார்வெல் கேர்ள், ஜீன் கிரே, 1970களின் பிற்பகுதியில் ஃபீனிக்ஸ் ஆகிப் பிரபஞ்ச அளவுக்குச் சக்தி பெறுகிறாள். அந்தச் சக்தி அவள் மதியைக் கெடுக்கிறது, ஒரு நட்சத்திரத்தை விழுங்கிக் கோடிக்கணக்கான உயிர்களை அழிக்கிறாள், 1980-இல் சாகிறாள். தனியாகப் படித்தால் அற்புதமான கதை, எனக்கு இன்றைக்கும் பிடித்த எக்ஸ்-மென் கதை அதுதான். ஆனால் 2004, 2005-இல் ஸ்கார்லெட் விட்சுக்கும் ஏறக்குறைய அதேதான் நடந்தது. சக்தி பெருகியது, மனம் பிறழ்ந்தது, ஒரே வாக்கியத்தில் உலகத்தில் இருந்த மியூட்டன்ட்களில், அதாவது பிறவியிலேயே சக்தி வாய்த்தவர்களில், பெரும்பாலானவர்களின் சக்தியைத் துடைத்துவிட்டாள். ஒரு கதை என்றால் சோகம், திரும்பத் திரும்ப வந்தால் அது ஒரு பழக்கம். பெண்ணிடம் அளவுக்கு மீறிச் சக்தி சேர்ந்தால் யாராவது அவளை நிறுத்தியாக வேண்டும் என்கிற பழக்கம்.

இங்கே இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1968-இல் வொண்டர் வுமன் தன் சக்திகளை இழக்கிறாள். ஸ்டீவ் ட்ரெவருக்கு உதவப் பூமியிலேயே தங்குவதற்காக அவளே விட்டுக்கொடுக்கிறாள். பழைய உடை போய் வெள்ளை உடை வருகிறது, ஒரு துணிக்கடை நடத்துகிறாள், ஒரு முதியவரிடம் தற்காப்புக் கலை கற்கிறாள். சில இதழ்களிலேயே ஸ்டீவ் செத்தும்போகிறார், அது வேறு கதை. எழுதியவர்கள் இதை முன்னேற்றமாகத்தான் நினைத்தார்கள்: மந்திர சக்தியை நம்பாமல் சொந்தக் காலில் நிற்கும் நவீனப் பெண். 1984-இல் எக்ஸ்-மென் குழுவின் ஸ்டார்மும் சக்திகளை இழக்கிறாள். காற்றையும் மழையையும் ஆண்டவள் வெறும் மனுஷியாகிறாள். அந்த இழப்பின் துக்கத்தைக் கதை அவசரப்படாமல் காட்டுகிறது, அப்புறம் 1986-இல் தலைமைப் பதவிக்காகச் சக எக்ஸ்-மென் வீரர் சைக்ளாப்ஸோடு நேருக்கு நேர் மோதுகிறாள், கையில் எந்தச் சக்தியும் இல்லாமலே ஜெயிக்கிறாள். இருவருக்கும் நடந்தது ஒன்றுதான். ஒருத்தி ஒரு ஆணுக்காக இழந்தாள், இன்னொருத்தி இழந்தது அவள் யார் என்பதைக் காட்டியது. ஸ்டார்மின் கதையை எழுதிய கிறிஸ் கிளேர்மான்ட் ஓர் ஆண் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பெண்ணைப் பெண்தான் எழுத முடியும் என்று நான் வாதிடவில்லை.

உடம்பு எப்படி வளைகிறது

இப்போது உடைக்கு வரலாம். ஆனால் உடையைவிட முதுகெலும்பைப் பாருங்கள் என்பேன்.

ஒரு சோதனை. எழுந்து நில்லுங்கள். மார்பு முன்பக்கம் தெரிய வேண்டும், அதே நேரத்தில் இடுப்புக்குக் கீழே பின்பக்கமும் தெரிய வேண்டும், முகம் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும், ஒரு கால் நுனிவிரலில். நான் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். 1990களில் இந்த நிலையில்தான் நாயகிகள் அட்டைப்படங்களில் நின்றார்கள், ஓடினார்கள், சுவரேறினார்கள், சிலர் குத்துப்பட்டு விழும்போதும் இப்படியே விழுந்தார்கள். ரசிகர்கள் இதற்கு உடைந்த முதுகு போஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இது எங்கிருந்து வந்தது என்பதற்கு, ஓவியர்களின் புத்தி என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அது பாதி பதில்தான். மீதிப் பாதி விற்பனையில் இருக்கிறது. 1954-இல் காமிக்ஸ் நிறுவனங்கள் தங்களுக்குள் ஒரு தணிக்கை விதிமுறை வகுத்துக்கொண்டன, காமிக்ஸ் கோட் என்று பெயர். பெண்களை உடல் அம்சங்கள் மிகைப்படாமல் இயல்பாக வரைய வேண்டும் என்று அதில் ஒரு விதி. விதிகளுக்கு உட்பட்ட இதழுக்கு அட்டையில் ஒரு முத்திரை, அது இல்லாவிட்டால் செய்தித்தாள் கடைகளுக்கு இதழ் போய்ச் சேராது. அந்தக் கடைகளில் சிறுவர், சிறுமியர், பெரியவர் எல்லோரும் வாங்கினார்கள். 1947-இல் தொடங்கிய காதல் காமிக்ஸ் வகை இளம்பெண்களிடம் லட்சக்கணக்கில் விற்றது. பெண்கள் காமிக்ஸ் படிக்க மாட்டார்கள் என்பது இயற்கை விதி மாதிரி சொல்லப்படுகிறதே, அது வெறும் பொய். 1970களின் பிற்பகுதியிலிருந்து விற்பனை மெல்ல மெல்லக் காமிக்ஸுக்கென்றே இருக்கும் தனிக் கடைகளுக்கு நகர்ந்தது. காதல் இதழ்கள் நின்றன. தனிக் கடைக்கு முத்திரை தேவையில்லை, அங்கே வருகிற கூட்டமும் பெரும்பாலும் வயது ஏறிய ஆண் ரசிகர்கள். யார் வாங்குகிறார்களோ அவர்களுக்காக வரைந்தார்கள், அப்படி வரைந்ததைப் பார்த்து மற்றவர்கள் அந்தக் கடைப் பக்கமே வராமல் போனார்கள், வராததையே காரணமாகக் காட்டி இன்னும் கொஞ்சம் வளைத்தார்கள்.

ஆண்களையும்தான் மிகைப்படுத்தி வரைகிறார்கள், அந்த மாதிரிப் புஜம் யாருக்கு இருக்கிறது என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி. மிகை இருவருக்கும் உண்டு, ஆனால் ஆணின் மிகை அவன் என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்கிறது, பெண்ணின் மிகை அவளைப் பார்க்க எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கிறது. நம்பாதவர்களுக்காகவே 2012 டிசம்பரில் இணையத்தில் ஒரு விளையாட்டு தொடங்கியது, ஹாக்ஐ இனிஷியேட்டிவ் என்று. நாயகிகளின் போஸை அப்படியே எடுத்து, அந்த இடத்தில் வில்லாளி ஹாக்ஐயை வரைவார்கள். தசை தெரியும் ஓர் ஆண், இடுப்பை ஒடித்து, உதட்டைக் குவித்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அம்பு விடுகிறார். பார்த்ததும் சிரிப்பு வரும். பெண்ணை வரைந்தபோது ஏன் சிரிப்பு வரவில்லை என்பதுதான் அந்த விளையாட்டின் மொத்த வாதமும், ஒரு வரி கட்டுரைகூட எழுதாமல்.

உடை பற்றி ஒரே ஒரு உதாரணம் போதும். 1976-இல் வந்த பவர் கேர்ளின் வெள்ளை உடையில் நெஞ்சுப் பகுதியில் ஒரு திறப்பு இருக்கும். ஏன் என்பதற்கு 2005-இல் ஒரு கதையில் அவளே விளக்கம் சொல்கிறாள்: சூப்பர்மேனுக்கு இருப்பதுபோல எனக்கும் ஒரு சின்னம் வேண்டும், அந்த இடத்தில் என்ன வைப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. உருக்கமான வசனம், நல்ல எழுத்து. ஆனால் தேதிகளைப் பாருங்கள். திறப்பு முதலில் வந்தது, காரணம் கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து வந்தது.

கவர்ச்சியே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்-மென் கதைகளில் வரும் எம்மா ஃப்ராஸ்ட் தன் தோற்றத்தை ஆயுதமாகவே வைத்திருக்கிறாள், அது அவள் குணத்தோடு ஒட்டியிருக்கிறது. தவறு எங்கே என்றால், கூச்ச சுபாவம் உள்ள மாணவி, ராணுவத் தளபதி, வேற்றுக்கிரக இளவரசி என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி நிற்கும்போது. அப்போது நிற்பது பாத்திரம் இல்லை, ஓவியர் யாருக்காக வரைகிறாரோ அவர்.

ஃப்ரிட்ஜுக்குள் ஒரு பெண்

1994-இல் கிரீன் லான்டர்ன் 54-ஆவது இதழ். புது நாயகன் கைல் ரேனர் வீட்டுக்குத் திரும்புகிறான். வில்லன் வந்துபோயிருக்கிறான். காதலி அலெக்ஸாண்ட்ராவின் உடல் ஃப்ரிட்ஜுக்குள். கைலுக்குக் கோபம் வருகிறது, அவன் வில்லனைத் தேடிப் போகிறான், கதை நகர்கிறது. அவள் பாத்திரம் அதோடு முடிந்தது.

1999-இல் கெயில் சிமோன் என்ற வாசகி, அப்போது காமிக்ஸ் தொழிலுக்குள் வராதவர், இந்தச் சம்பவத்தின் பெயரிலேயே இணையத்தில் ஒரு பட்டியல் வெளியிட்டார். கொல்லப்பட்ட, ஊனமாக்கப்பட்ட, வன்கொடுமைக்கு ஆளான, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பெயர்கள், வரிசையாக. பட்டியல் நீளம்தான் அதிர்ச்சி. தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் கதையில் ஒரு நியாயம் இருக்கும், சேர்த்து வைத்தால்தான் வடிவம் தெரியும். ஆண் பாத்திரத்துக்குக் கோபமோ துக்கமோ வரவைக்கப் பெண் பாத்திரத்தைச் சிதைப்பதற்கு அன்றிலிருந்து ஃப்ரிட்ஜிங் என்றே பெயராகிவிட்டது.

ஆண்களும்தான் சாகிறார்களே என்பதற்கு பார்பரா கார்டனைப் பார்க்கலாம். 1967-இலிருந்து பேட்கேர்ளாக இருந்தவள், நூலகர், முனைவர் பட்டம் பெற்றவள். 1988-இல் வந்த தி கில்லிங் ஜோக் கதையில் கதவைத் திறக்கிறாள், ஜோக்கர் சுடுகிறான், இடுப்புக்குக் கீழே உணர்வு போகிறது. ஏன் சுட்டான்? அவள் தந்தையான போலீஸ் கமிஷனரைப் பைத்தியமாக்க. கதை ஜோக்கருக்கும் பேட்மேனுக்கும் கமிஷனருக்கும் நடுவே நடக்கிறது. சுடப்பட்டவள் பேட்கேர்ள் என்பதற்குக் கதையில் ஒரு வேலையும் இல்லை. ஐந்து வருடம் கழித்து, 1993-இல், பேன் என்ற வில்லன் பேட்மேனின் முதுகை உடைக்கிறான். ஏறக்குறைய ஒரு வருடத்தில் அவர் குணமாகி மறுபடியும் பேட்மேன். பார்பரா சக்கர நாற்காலியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தாள்.

ஆனால் இந்தக் கதை இங்கே ஒரு வளைவு எடுக்கிறது, எனக்கு இந்த இடம்தான் பிடிக்கும். பார்பராவை அப்படியே தூக்கிப்போட்டது பொறுக்காமல் கிம் யேல் என்ற எழுத்தாளரும் அவர் கணவர் ஜான் ஆஸ்ட்ரான்டரும் 1989-இல் அவளை ஆரக்கிள் ஆக்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள். கணினி நிபுணர், தகவல் வலையின் மையம், பேட்மேனே உதவி கேட்டு வரும் ஆள். மாற்றுத்திறனாளி வாசகர்களுக்கு அவள் வெறும் பாத்திரம் இல்லை, அவர்களைப் போன்ற ஒருத்தி முதல் வரிசையில் இருந்தாள். 2011-இல் டிசி நிறுவனம் தன் எல்லாத் தொடர்களையும் புதிதாகத் தொடங்கியபோது பார்பரா எழுந்து நடந்தாள், மறுபடியும் பேட்கேர்ள் ஆனாள். அநீதி சரிசெய்யப்பட்டது என்று ஒரு பகுதியினர் மகிழ, எங்களிடமிருந்து ஆரக்கிளைப் பறித்துவிட்டார்கள் என்று இன்னொரு பகுதியினர் கொதித்தார்கள். அந்தத் தொடரை எழுதியவர் யார்? அதே கெயில் சிமோன்.

சித்தரிப்பும் பார்வையும் வேறு வேறு என்று முதலிலேயே சொன்னேனே, அது இங்கேதான் கண்ணில் குத்துகிறது. 1972-இல் குளோரியா ஸ்டைனெம் முதலான பெண்ணியவாதிகள் நடத்திய மிஸ். என்ற பத்திரிகை தன் முதல் வழக்கமான இதழின் அட்டையில் வொண்டர் வுமனைப் போட்டு, குடியரசுத் தலைவர் பதவிக்கு இவள்தான் என்று எழுதியது. சிறுவயதில் அவளைப் படித்து வளர்ந்த பெண்களுக்கு அந்த நட்சத்திர உடை விடுதலையின் சின்னம். சக்தியைப் பறித்தது முன்னேற்றம் என்று நினைத்தவர்களை அது திகைக்க வைத்தது. அடுத்த வருடமே சக்தியும் உடையும் திரும்பின. 2016 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை அதே வொண்டர் வுமனைப் பெண்கள், சிறுமியர் அதிகாரமேம்பாட்டுக்கான கௌரவத் தூதராக அறிவித்தது. விழா நடக்கும்போதே ஐ.நா. ஊழியர்கள் சிலர் மேடைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். இந்த உடையில், இந்த உடற்கட்டில், அமெரிக்கக் கொடி நிறத்தில் இருப்பவளா உலகப் பெண்களுக்குப் பிரதிநிதி என்று எழுந்த மனுவில் ஏறத்தாழ 45,000 கையெழுத்து. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, தூதர் பதவி முடிந்தது. அந்தப் பதவியில் ஒரு நிஜப் பெண்ணை வைக்காமல் சித்திரத்தை வைத்ததும் அவர்கள் கோபத்துக்குக் காரணம். 1972-இல் கொண்டாடியவர்களும் 2016-இல் எதிர்த்தவர்களும் கேட்டது ஏறக்குறைய ஒன்றைத்தான் என்று எனக்குத் தோன்றும்.

இனி வரைகிறவர்கள் பக்கம். 1941-இலேயே, வொண்டர் வுமனுக்குச் சில மாதம் முன்பே, மிஸ் ஃப்யூரி என்ற நாயகி செய்தித்தாள் சித்திரத்தொடரில் வந்துவிட்டாள். உருவாக்கியவர் ஜூன் டார்ப்பே மில்ஸ், பெண். ஆனால் டார்ப்பே மில்ஸ் என்று மட்டும் கையெழுத்திட்டார், எழுதுவது பெண் என்று தெரிந்தால் வாசகர் ஏமாந்துபோவார் என்று. மார்ஸ்டனின் கடைசி ஆண்டுகளில் பல வொண்டர் வுமன் கதைகளை எழுதியவர் ஜாய் ஹம்மல் என்ற இளம்பெண், இதழில் அவர் பெயர் வரவே இல்லை. வொண்டர் வுமன் காமிக்ஸை ஒரு பெண் வரைந்தது 1986-இல்தான், டிரினா ராபின்ஸ். நாற்பத்தைந்து வருடம்.

2012-இல், அதற்கு முன் மிஸ். மார்வெலாக இருந்த கரோல் டான்வர்ஸ் கேப்டன் மார்வெல் ஆனாள், எழுதியவர் கெல்லி சூ டிகானிக். நீச்சலுடை போலிருந்த பழைய உடை போய் விமானியின் உடை வந்தது, அவள் விமானப்படைக்காரிதானே. பெண் பாத்திரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் அழகான விளக்கை வைத்தாலும் கதை ஓடுகிறதென்றால், எழுத்தைத் திருத்து என்று சொல்கிற விளக்குச் சோதனையும் இவர் சொன்னதுதான். அலெக்ஸாண்ட்ராவை வைத்துச் செய்து பாருங்கள். வில்லன் ஒரு விளக்கை உடைத்தான், நாயகனுக்குக் கோபம் வந்தது. ஓடுகிறது.

2014-இல் பேட்கேர்ளுக்கும் ஒரு புது உடை கிடைத்தது: தோல் ஜாக்கெட், ஸிப், தட்டையான மஞ்சள் பூட்ஸ். அந்த வருடமே ஸ்பைடர்-வுமனின் ஓர் அட்டைப்படத்தில் அவள் கூரைமேல் ஏறி நிற்கும் விதம் பெரிய சண்டையானது. அடுத்த வருடம் அவளுக்கும் ஜாக்கெட்டும் கால்சட்டையும் வந்தன.

அதே 2014-இல்தான் கமலா கான், புது மிஸ். மார்வெல். நியூ ஜெர்சியில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளிப் பதினாறு வயதுப் பெண், சூப்பர்ஹீரோக்களை வைத்து ரசிகர் கதை எழுதுகிறவள், எழுதியவர் ஜி. வில்லோ வில்சன். அவளுக்குச் சக்தி கிடைக்கும் நேரத்தில் மனதில் ஓர் ஆசை: கேப்டன் மார்வெல் மாதிரி ஆக வேண்டும், அதுவும் அந்தப் பழைய உடையில். ஆசை அப்படியே பலிக்கிறது. பொன்னிற முடி, நீள்கால்கள், தொடை வரை பூட்ஸ், அட்டைப்படங்களில் பார்த்த அதே உருவம். இரண்டாவது இதழில் அந்த உருவத்துக்குள்ளிருந்து அவள் பேசுகிறாள். பூட்ஸ் கடிக்கிறது. உடை பின்னால் ஏறிக்கொள்கிறது. இன்னொருத்தியாக இருப்பது விடுதலை என்று நினைத்தேன், இது ஒரே களைப்பாக இருக்கிறதே என்கிறாள்.

அந்த நேரத்தில் ஒரு பெண் தண்ணீரில் விழுந்து மூழ்குகிறாள், அதுவும் கமலாவைப் பள்ளியில் சிரித்துக்கொண்டே குத்திப் பேசுகிற பெண். கமலாவின் சக்தி உடம்பை நீட்டுவதும் சுருக்குவதும் பெரிதாக்குவதும். அழகாக இருக்காது, கோணல்மாணலாக இருக்கும். அவள் கையை மட்டும் ஓர் ஆளைவிடப் பெரிதாக வளர்த்து, தண்ணீருக்குள் விட்டு, அந்தப் பெண்ணை அள்ளி எடுத்து வெளியே வைக்கிறாள். அப்புறம் தனக்கென்று ஓர் உடை தேடும்போது, வீட்டில் இருந்த புர்கினி என்ற, உடல் முழுதும் மறைக்கும் நீச்சலுடையை எடுத்து அதில் மின்னல் வரைந்துகொள்கிறாள்.